வான்கதவு

மாரிகாலத்தில் இலங்கையின் வடபுலத்து வன்னிப் பெருநிலத்து மக்கள் வீதியில் ஒருவரையொருவர் காணும்போது கேட்கும் முதற்கேள்வி, குளம் வான் பாய்கிறதா என்பதேயாகும். குளம் கொள்ளும் அளவுக்கு மேலாக ஏறிய வெள்ளம் கட்டை உடைத்துவிடாமல் வழிந்தோடுவதற்கென அமைத்த வாய்க்கு அங்கே வான் என்று பெயர். அதனை அடைத்தும் திறந்தும் காக்கும் கதவுக்கு வான்கதவு என்று பெயர். தலைக்குமேல் விரிந்து கிடக்கும் ஆகாயத்துக்கும் வான் என்றே பெயர். ஒரே சொல்லால் குளத்தின் வாயையும் ஆகாயத்தையும் அழைத்துப் பழகிய இம்மக்களின் நிலத்துக்கு, ஆகாயத்தை ஆராயும் கல்வி எப்பொழுது, எவ்வழியாக வந்தது, எத்தனை காலம் அது அவர்களுடைய தலைக்கு மேலாகவே கடந்து சென்றது, இன்று அக்கல்வியைத் தேடிக் கடல் கடக்க விரும்பும் ஒரு வன்னி மாணவனுக்கு முன்னால் என்னென்ன வழிகள் திறந்துள்ளன என்பவற்றைச் சற்று நிதானமாக எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆகாயத்தைப் பற்றிய ஞானம் வன்னிக்குப் புதிதன்று. காலபோகத்து வயலில் கதிர் முற்றும் நாள்களில் யானைக்கும் பன்றிக்கும் அஞ்சிக் காவற்கொட்டிலில் இரவு முழுவதும் விழித்திருந்தவனுக்கு, கார்த்திகைக் கூட்டம் உச்சிக்கு வருவதும் மேற்கே சாய்வதும் நாழிகை காட்டும் கருவியாக இருந்தன. முல்லைத்தீவுக் கரையில் வள்ளம் தள்ளியவன் விடிவெள்ளியைக் கண்டு கரைதிரும்பும் நேரத்தை அறிந்தான். வாடையும் சோளகமும் கச்சானும் மாறும் பருவத்தை மேகத்தின் முகத்திலே படித்தான். வைகாசிப் பூரணையை ஒட்டி வற்றாப்பளைக் கண்ணகை அம்மனுக்குப் பொங்கல் எடுத்து, நந்திக்கடலோரத்தில் உப்புநீரில் விளக்கேற்றும் மரபும் சந்திரனின் கதியைக் கணக்கில் வைத்த ஒரு சமுதாயத்தின் மரபே. ஆனால் இந்த ஞானம் அனுபவத்தின் வழியாகத் தந்தையிடமிருந்து மைந்தனுக்கு இறங்கியதேயன்றி, ஏட்டிலும் கருவியிலும் ஏறிப் பிறதேசத்து ஞானத்தோடு ஒப்புநோக்கப்பட்டதில்லை. நாள்கோள்களைக் கணித்த பஞ்சாங்கம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. அதன்படி இங்கே விதைத்தார்கள், மணம் முடித்தார்கள், விரதம் காத்தார்கள்.

அந்தப் பஞ்சாங்கமே கேள்விக்கு உள்ளான சம்பவம் ஆனையிறவுக்கு வடக்கே, வட்டுக்கோட்டையிலே நிகழ்ந்தது. அமெரிக்க மிஷனரிமார் 1823இல் அங்கே நிறுவிய செமினரியில் கணிதமும் வானசாஸ்திரமும் சிரத்தையோடு போதிக்கப்பட்டன. 1829இல் நிகழ்ந்த ஒரு சந்திர கிரகணத்தை முன்னிட்டு, அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கக் கணிப்பும், செமினரியின் தலைவரான டானியல் பூவரின் கணிப்பும் நேரத்திலும் அளவிலும் வேறுபட்டு நின்றன; எது பொருந்துகிறது என்று ஆகாயத்தையே சாட்சியாக வைத்துப் பார்க்கும் வழக்கம் அன்று தமிழ் மாணவரிடையே வேர்கொண்டது. பின்னர் அச்செமினரியின் தலைவராக வந்த ஹொய்சிங்டன், தமிழ்ச் சோதிட நூலொன்றை ஆங்கில மொழிபெயர்ப்போடும் விரிவான குறிப்புகளோடும் 1848இல் யாழ்ப்பாணத்தில் அச்சிட்டார். இரு தேசத்துச் சாஸ்திரங்களை அருகருகே கிடத்திப் பார்த்த அந்த முயற்சி, இன்று நாம் சர்வதேசக் கல்வி என்று அழைப்பதன் விதைகளுள் ஒன்று என்றால் மிகையாகாது. 1855இல் செமினரி மூடப்பட்டபின் அதன் மாணவராகிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் கடல் கடந்து, புதிதாகத் தோன்றிய சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளாக விளங்கினர். உயர்கல்விக்காகக் கடல் கடத்தல் என்னும் வழக்கம் ஈழத்துத் தமிழருக்கு அவ்வளவு பழையது. ஆயினும் அது யாழ்ப்பாணத்தின் வழக்கமாக இருந்ததே தவிர, வன்னியின் வழக்கமாக அன்று இருக்கவில்லை.

1871ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் தேதி காலையிலே நிகழ்ந்த பூரண சூரிய கிரகணம் இந்த நிலைமையை ஒரு சித்திரம் போலக் காட்டுகிறது. சந்திரனின் நிழல் தென்னிந்தியாவைக் கடந்து, பாக்குநீரிணையைத் தாண்டி, இலங்கையின் வடபுலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலைப் பக்கமாகச் சரிந்து சென்றது. நோர்மன் லொக்கியர் என்னும் ஆங்கில வானசாஸ்திரியின் தலைமையில் வந்த குழு பல பிரிவாகப் பிரிந்து, ஒரு பிரிவு மலபார்க் கரையில் பேக்கல் கோட்டையிலும், ஒரு பிரிவு யாழ்ப்பாணத்திலும், ஒரு பிரிவு திருகோணமலையிலும் கருவிகளை நிறுத்திக் காத்திருந்தது. ஏறக்குறைய இரண்டு நிமிடம் பகல் இரவாயிற்று. சூரியனைச் சூழ்ந்த ஒளிவட்டத்தை யாழ்ப்பாணத்தில் நிழற்படம் எடுத்தார்கள். இப்பொழுது ஒரு தேசப்படத்தை விரித்து யாழ்ப்பாணத்தையும் திருகோணமலையையும் ஒரு கோட்டால் இணைத்துப் பாருங்கள். அக்கோடு கிளிநொச்சியின் காடுகளையும் முல்லைத்தீவின் குளங்களையும் ஊடறுத்துச் செல்கிறது. அந்த இரண்டு நிமிடமும் வன்னியின்மீதும் இருள் கவிந்தது. பறவைகள் கூட்டுக்குத் திரும்பியிருக்கும், மாடுகள் பட்டியை நாடியிருக்கும். ஆனால் கருவி வடக்கே இருந்தது, கிழக்கே இருந்தது; இரண்டுக்கும் நடுவில் இருந்த நிலத்துக்கு நிழல் மட்டுமே கிடைத்தது.

நடுவில் இருந்தும் விடுபட்டுப் போதல் வன்னியின் நெடுங்கால விதியாக இருந்தது. 1895இல் ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கில உத்தியோகத்தர் வவுனியா, முல்லைத்தீவு ஆகிய வன்னிப் பகுதிகளைப் பற்றி ஒரு பெரிய கைநூலை எழுதி வெளியிட்டார்; காடு மூடிய குளங்களும் காய்ச்சலால் மெலிந்த குடிகளும் அந்நூலில் இடம்பெறும் வன்னியின் அடையாளங்கள். வடபகுதிப் புகையிரதப் பாதை 1905இல் காங்கேசன்துறைவரை முற்றுப்பெற்றபின், யாழ்ப்பாணத்து வித்தியார்த்திகள் கொழும்புக்கும், அங்கிருந்து கப்பலேறி இங்கிலாந்துக்கும் கற்கச் செல்லும் பிரயாணத்தில் இந்தக் காட்டின் ஊடாகவே சென்றார்கள். வன்னி அவர்களுக்கு ஒரு வழியாக இருந்தது; இறங்குமிடமாக இருக்கவில்லை. 1930களில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் நெருக்கத்தையும் வேலையின்மையையும் தணிப்பதற்காகக் கிளிநொச்சியில் குடியேற்றத் திட்டம் தொடங்கப்பட்டு, இரணைமடுக் குளத்தின் நீரை நம்பி மக்கள் காடு வெட்டி வயல் செய்யத் தொடங்கிய பின்னரே அந்நிலம் இறங்கி நிற்கும் இடமாக மாறிற்று. காடு வெட்டியவர் பள்ளிக்கூடங்களையும் கட்டினர்; ஆனால் அவர்தம் பிள்ளைகள் உயர்கல்வியின் வாயிலை எட்டுவதற்கு இன்னும் ஒரு தலைமுறை வேண்டியிருந்தது.

இதற்கிடையே உலகத்தில் ஆகாயக் கல்வியின் இயல்பே மாறிற்று. நோக்குவதோடு நில்லாமல் ஏறிச் செல்லவும் மனிதன் துணிந்தான். பூமியிலிருந்து ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு செய்மதியை நிறுத்தினால், அது பூமியின் சுழற்சியோடு ஒத்துச் சுழன்று, ஓரிடத்தின் மேலேயே அசையாது நிற்பதுபோலத் தோன்றி, உலகமெங்கும் செய்தி பரப்ப உதவும் என்று 1945இல் எழுதிக் காட்டிய ஆர்தர் சி. கிளார்க், 1956 முதல் இலங்கையிலேயே வாசம் செய்தார். பாக்குநீரிணையின் மறுகரையில், மன்னாருக்கு நேரெதிரே, இராமேசுவரத்தில் ஒரு படகோட்டியின் வீட்டில் பிறந்த அப்துல் கலாம், 1963இல் அமெரிக்கா சென்று நாசாவின் நிலையங்களில், விசேஷமாக வாலப்ஸ் தீவின் ஏவுதளத்தில், ஆறு மாதம் ரொக்கெற்றுப் பயிற்சி பெற்றுத் திரும்பினார். அவ்வாண்டு நவம்பரிலேயே தும்பாவிலிருந்து இந்தியாவின் முதலாவது ஆய்வு ரொக்கெற்று ஏவப்பட்டது. பன்னிரண்டு ஆண்டு கழித்து, இந்தியா செய்மதி வழியாகக் கிராமங்களுக்குக் கல்வி ஒளிபரப்பிய 1975இல், இந்திய விஞ்ஞானிகள் கொழும்பில் கிளார்க்கின் இல்லத்தில் ஓர் அன்ரெனாவை நிறுத்திக் கொடுத்தனர். கலாமைப் போலச் சென்றவர் திரும்பியதால் விளைந்த பயனை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லும் உதாரணம் வேறில்லை. ஆறு மாதப் பயிற்சி ஒரு தேசத்தின் ஐம்பது ஆண்டு உழைப்புக்கு முதலாயிற்று.

ஒரு தேசத்தவர் இன்னொரு தேசத்தில் பயிலுதல் என்னும் நிலையைத் தாண்டி, பல தேசத்தவரும் ஒரு கூரையின்கீழ் ஆகாயத்தைப் பயிலுதல் என்னும் எண்ணம் 1987இல் உருப்பெற்றது. பீற்றர் டயமண்டிஸ், ரொட் ஹோலி, பொப் ரிச்சர்ட்ஸ் என்னும் மூன்று இளைஞர் சர்வதேச விண்வெளிப் பல்கலைக்கழகத்தை நிறுவினர். 1988இல் அமெரிக்காவின் மாசசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் அதன் முதற் கோடைக்காலப் பயிற்சி நடந்தது. 1990களில் பிரான்சு தேசத்தின் ஸ்திராஸ்பூர் நகரை அடுத்து அது நிலையாகக் குடிகொண்டு, முதுமாணிக் கற்கையையும் தொடங்கிற்று. பொறியியலாளனும் மருத்துவனும் சட்டம் கற்றவனும் வணிகம் கற்றவனும் கவின்கலை கற்றவனும் ஒரே வகுப்பில் அமர்ந்து, தேசம் வேறு, மொழி வேறு, துறை வேறு என்ற மூன்று மதில்களையும் கடந்து, ஒரே வினாவுக்குக் கூட்டாக விடை தேடுவதே அங்கே கல்வி முறை. அதன் வேந்தராகப் பல ஆண்டு வீற்றிருந்தவர் அதே ஆர்தர் கிளார்க். இலங்கையில் வாழ்ந்த ஒருவர் உலகத்து ஆகாயக் கலாசாலைக்கு வேந்தராக இருந்த அந்த ஆண்டுகளில், அதே இலங்கையின் வன்னியில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் நாம் மறைக்காமல் சொல்லவேண்டும்.

அங்கே போர் நடந்துகொண்டிருந்தது. மின்சாரம் அற்ற அந்நாள்களில், தடைசெய்யப்பட்ட மண்ணெண்ணெயைச் சொட்டுக் கணக்கில் ஊற்றி, போத்தலுக்குள் பஞ்சுத்திரி வைத்த விளக்கின் முன்னால் ஒரு சந்ததி உயர்தரப் பரீட்சைக்குப் பௌதிகமும் இணைந்த கணிதமும் படித்தது. மின்விளக்கு அற்ற இரவுகளில் பால்வீதி தெளிவாகத் தெரிந்தது. ஆனால் ஆகாயத்திலிருந்து எதிர்பார்க்கப்பட்டது வெள்ளி அல்ல, விமானம். 2009இல் முல்லைத்தீவுக் கரையின் ஒடுங்கிய மணற்பரப்பில் இலட்சக்கணக்கானோர் அடைபட்டிருந்தபோது, செய்மதிகள் அந்நிலத்தைப் படமெடுத்தன. ஐக்கிய நாடுகள் சபையின் யூனோசாற் நிலையத்தார் அப்படங்களை ஆராய்ந்து, கூடாரங்கள் பெருகியதையும் கட்டடங்கள் சிதைந்ததையும் குறித்தனர். தொலையுணர்வு என்னும் சாஸ்திரம் வன்னியை அவ்வளவு நுணுக்கமாக நோக்கிய முதற் சந்தர்ப்பங்களுள் அதுவும் ஒன்று. நோக்கியவர் எங்கோ இருந்தனர்; நோக்கப்பட்டவர் இங்கே இருந்தனர். மறுபடியும் வன்னி படத்தில் இருந்தது, கருவியின் பக்கத்தில் இருக்கவில்லை.

அடுத்த ஆண்டு, 2010 ஜனவரி 15ஆம் தேதி, தைப்பொங்கலுக்கு மறுநாள், கங்கண சூரிய கிரகணம் ஒன்று இராமேசுவரத்தையும் யாழ்ப்பாணத்தையும் வன்னியையும் தழுவிச் சென்றது. பட்டிப்பொங்கல் நாள் அது. ஆனால் வன்னி மக்களுட் பலர் பட்டியும் வயலும் இழந்து, வவுனியா மாவட்டத்தின் செட்டிகுளத்து மெனிக்பாம் முகாம்களில் கூடாரத்தின்கீழ் இருந்தார்கள். நண்பகலுக்குப் பின் சூரியன் ஒரு பொன்வளையமாகச் சுருங்கி அந்தக் கூடாரங்களின்மீது நின்றது. 1871இல் கருவி இல்லாமல் நிழலை ஏற்ற நிலம், 2010இல் வீடும் இல்லாமல் அதனை ஏற்றது. இவ்வளவையும் இங்கே சொல்வது துயரத்தைப் பெருக்குவதற்காகவன்று. அந்த முகாமிலே வளையத்தைக் கண்ட ஒரு குழந்தைக்கு அன்று பத்து வயது என்றால், பதினெட்டு வயதில் அவள் வாழ்ந்த ஊரிலிருந்தே ஒரு பொறியியற் பீடத்துக்குச் செல்லும் வழி உண்டாயிற்று என்பதைச் சொல்வதற்காகவே.

அவ்வழி மெல்லத்தான் உண்டாயிற்று. 2013 செப்டெம்பரில் புகையிரதம் மீண்டும் கிளிநொச்சியை அடைந்தது. அக்காலத்தை ஒட்டியே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில் தோன்றிற்று. போரினால் யாழ்ப்பாணம் பெயர்ந்திருந்த விவசாய பீடமும் அங்கே திரும்பிற்று. பின்னர் தொழினுட்ப பீடமும் சேர்ந்தது. தெற்கே பம்பைமடுவில், 1997 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்த கலாசாலை, 2021 ஆகஸ்டு முதலாம் தேதி வவுனியாப் பல்கலைக்கழகம் என்னும் தனிப்பெயர் பூண்டது. புகையிரதம் கடந்து செல்லும் வழியாக மட்டும் இருந்த நிலத்தில், கற்பதற்காகவே ஒருவன் இறங்கும் இடங்கள் ஏற்பட்டன. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சரித்திரத்தில் இது சிறிய மாற்றமன்று.

இந்த இடங்களிலிருந்து ஆகாயக் கல்வியை நாடிச் செல்லும் பாதைகளையும் நாம் அறிந்திருக்கவேண்டும். இலங்கையர் சென்று பயின்ற பாதைகளுள் அண்மையில் புகழ்பெற்றது யப்பானின் கிடாக்கியூசு நகரில் உள்ள கியூசு தொழினுட்ப நிறுவகத்துக்குச் செல்வது. அங்கே ஆங்கிலத்தில் நடைபெறும் சர்வதேச விண்வெளிப் பொறியியற் கற்கையில், பேர்ட்ஸ் என்னும் திட்டத்தின்கீழ், அதுவரை செய்மதி செய்தறியாத தேசங்களின் மாணவர் யப்பானிய மாணவரோடு ஒன்றுகூடி, திட்டமிடுதல் முதல் பரிசோதித்தல்வரை எல்லாப் படிகளையும் தம் கையாலேயே செய்து முடித்தனர். மொராட்டுவையில் உள்ள ஆர்தர் சி. கிளார்க் நிறுவகத்தோடு இணைந்த முயற்சியில் தரிந்து தயாரத்ன, துலானி சாமிகா விதானகே என்னும் இருவர் அங்கே நேபாள, யப்பானிய மாணவரோடு சேர்ந்து உழைத்தனர். அவர்கள் செய்த இராவணா-1 என்னும் சிறு செய்மதி, ஏறக்குறைய பத்துச் சென்ரிமீற்றர் அளவுடைய கனசதுரப் பெட்டி. நிறை ஏறக்குறைய ஒரு கிலோகிராம். 2019 ஏப்ரல் 17ஆம் தேதி அது வாலப்ஸ் தளத்திலிருந்து ஏவப்பட்டது. 1963இல் இராமேசுவரத்து இளைஞர் பயிற்சி பெற்ற அதே வாலப்ஸ்! சர்வதேச விண்வெளி நிலையத்தை அடைந்து, ஜூன் 17ஆம் தேதி ஆகாயத்தில் விடப்பட்ட அப்பெட்டி, ஏறக்குறைய 400 கிலோமீற்றர் உயரத்தில், ஒன்றரை மணிநேரத்துக்கு ஒருமுறை பூமியை வலம் வந்தது.

மற்றொரு பாதை அருகிலேயே இருக்கிறது. 1995 நவம்பரில் ஐக்கிய நாடுகள் சபையின் சார்பில் இந்தியாவின் டேராடூனில் தொடங்கப்பட்ட ஆசிய பசுபிக் விண்வெளி விஞ்ஞானக் கல்வி நிலையம், தொலையுணர்வு, செய்மதித் தொடர்பு, வளிமண்டல விஞ்ஞானம் முதலிய துறைகளில் பட்டப்பின் கற்கைகளை நடத்துகிறது. அதன் அமைப்பில் ஒரு நுட்பம் உண்டு. அதனை இக்கட்டுரையின் உயிர் என்றே நான் கருதுகிறேன். மாணவன் ஒன்பது மாதம் அங்கே பயில்கிறான்; அதன்பின் முதுமாணிப் பட்டத்துக்குரிய ஓராண்டு ஆய்வைத் தன் தாய்நாட்டுக்குத் திரும்பி, தன் தேசத்தின் பிரச்சினை ஒன்றையே பொருளாகக் கொண்டு செய்கிறான். அதாவது, திரும்புதல் அக்கல்வியின் முடிவுக்குப் பின்வரும் காரியமன்று. கல்வியின் ஓர் அங்கமே அது.

திரும்பி வருபவன் செய்வதற்கு வன்னியில் வேலை இல்லை என்று யாரும் சொல்லமுடியாது. 2018 டிசம்பரில், ஓரிரு நாள் பெய்த பெருமழையில் இரணைமடு நிரம்பி, வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் தாழ்நிலங்கள் வெள்ளத்தில் மூழ்கின. மேகத்தை ஊடுருவி நீர்ப்பரப்பைக் காணும் ராடர்ச் செய்மதிப் படங்களைப் படிக்கத் தெரிந்த ஒருவன், எந்தக் கிராமம் முதலில் மூழ்கும், எந்தப் பாதை கடைசிவரை நிற்கும், கதவை எப்பொழுது எவ்வளவு திறக்கவேண்டும் என்பவற்றை முன்கூட்டியே கணிக்க உதவவல்லவன். தூர்ந்து காட்டுக்குள் மறைந்துபோன சிறுகுளங்களின் கட்டுகளையும், சுருங்கிவரும் காட்டின் எல்லையையும், சிறுபோகத்துக்கு நீர் எட்டாத வயல்களையும் செய்மதிப் படங்களின் துணையால் தேடிக் காணலாம். 2009இல் வன்னியை நோக்கிய அதே சாஸ்திரம், நோக்குபவன் வன்னியானாக இருக்கும்போது வேறு பயன் தருகிறது.

2019 டிசம்பர் 26ஆம் தேதி, ஆழிப்பேரலை முல்லைத்தீவை அழித்துச் சென்று சரியாகப் பதினைந்து ஆண்டு நிறைவுற்ற நாளில், இன்னொரு கங்கண கிரகணம் வட இலங்கையின்மீது நிகழ்ந்தது. காலை ஒன்பதரை மணியளவில் கிளிநொச்சியின் ஆகாயத்தில் மறுபடியும் பொன்வளையம் நின்றது. 1871இல் கருவிகள் யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் நின்றன. இம்முறை அந்நிழலின் பாதையிலேயே ஒரு பொறியியற் பீடம் நின்றது; அதன் மாணவர் அதே ஆகாயத்தின்கீழ் வாழ்ந்தனர்.

இறுதியாக, தொடங்கிய குளத்துக்கே திரும்புவோம். குளத்துக்கு இரண்டு வாய்கள் உண்டு. துருசு வழியாகச் செல்லும் நீர் வாய்க்கால் பிடித்து வயலுக்குப் போகிறது. வான் வழியாகச் செல்லும் நீர் கனகராயன் ஆறாகிச் சுண்டிக்குளத்து நீரேரியோடு கலக்கிறது. மாரியில் வான்கதவைத் திறக்கமாட்டேன் என்று பிடிவாதம் செய்பவன் கட்டையே இழப்பான்; பிள்ளைகளை வெளியே போகவிடாமல் கல்வியைப் பூட்டிவைக்கும் சமுதாயத்தின் கதியும் அதுவே. ஆனால் வான் ஒன்றையே திறந்துவைத்துத் துருசை மறந்த குளத்தின்கீழ் வயல் விளைந்ததும் இல்லை. போர் எத்தனையோ பேரை வன்னியிலிருந்து வெளியேற்றியது. அவர்கள் போனதைக் குறை சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. இனிப் போகிறவர்கள் துரத்தப்பட்டுப் போகாமல், கற்பதற்காகப் போகிறார்கள். அந்த வேறுபாட்டை நாம் போற்றவேண்டும். ஸ்திராஸ்பூருக்கும் கிடாக்கியூசுவுக்கும் டேராடூனுக்கும் போகட்டும். போகும்போது, திரும்பிவந்து செய்யவேண்டிய அந்த ஓராண்டு ஆய்வுக்குரிய பொருளை இங்கிருந்தே எடுத்துச் செல்லட்டும். அறிவியல்நகரிலிருந்து சிறிது தூரத்தில் இரணைமடுக் கட்டு இருக்கிறது. அதன்மீது ஏறி நின்று ஒரு மாலைப்பொழுது நீரையும் வானையும் பார்த்தால், ஆய்வுக்குப் பொருள் தேடி அலையவேண்டியிராது.